ஒரு கசட்டுக்குள் இரண்டு கரை

சுவிஸிலிருந்து வந்த மைத்துனர், போன ஆவணியில் என் மகனிடம் ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். நின்டெண்டோ கம்பனியின் மடக்கித் திறக்கிற விளையாட்டுப் பெட்டி, கேம் போய் அட்வான்ஸ் எஸ்.பி. அவருடைய மகன் வளர்ந்து வேலைக்கும் போய்விட்டானாம். அதற்குள் ஒரேயொரு கசட் இருந்தது: ‘த லெஜண்ட் ஒஃப் செல்டா: எ லிங்க் டு த பாஸ்ட்’. இருபது வருடப் பழைய சாமான், இரண்டு நாளில் அலுத்து அலுமாரிக்குள் போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஐந்து மாதமாகிறது. இன்றைக்கு யார் முதலில் விளையாடுவது என்று இன்னும் வீட்டில் சண்டை. மகனுக்குப் பதினொரு வயது, எனக்கு நாற்பத்தொன்று.

சாமானைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டம் ஜப்பானில் 1991 நவம்பரில் வந்தது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வந்தது 1992 இல். அதையே கைக்கு அடக்கமான திரைக்கு மாற்றி ஐரோப்பாவில் 2003 இல் விற்றார்கள். என்னிடம் இருப்பது அதுதான். முதலில் வந்த கசட்டின் கொள்ளளவு 8 மெகாபிட், அதாவது ஒரு மெகாபைட். இன்றைக்குக் கைத்தொலைபேசியில் எடுக்கிற ஒரு படமே அதைவிடப் பெரிதாக இருக்கும். அந்த ஒரு மெகாபைட்டுக்குள் இரண்டு உலகம், ஒரு டசின் பாதாளக் கோட்டை, கொஜி கொண்டோவின் இசை எல்லாவற்றையும் அடக்கிவிட்டார்கள். கணித ஆசிரியையாக எனக்கு அந்தச் சிக்கனத்தின்மேல் பொறாமை.

1991 என்று மட்டக்களப்பில் எங்கள் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் சொன்னால் வேறொன்றுதான் நினைவுக்கு வரும். அதை இங்கே எழுதவில்லை.

ஆட்டம் மழை இரவில் தொடங்குகிறது. லிங்க் என்ற பையன் கட்டிலில் கிடக்கிறான். அரண்மனைச் சிறையிலிருந்து இளவரசி செல்டா கூப்பிடும் குரல் அவனுக்குள் கேட்கிறது. கண் திறந்தால், அவனை வளர்க்கிற மாமா வாளும் கேடயமுமாக நிற்கிறார். விடிவதற்குள் வந்துவிடுவேன், வீட்டைவிட்டு வெளியே போகாதே என்கிறார். கதவு திறக்கிறது, மழைக்குள் போய்விடுகிறார். மகன் ஆறாம் ஆண்டு தமிழ் மொழிமூலம்; ஆங்கில வசனங்களையெல்லாம் நான்தான் தமிழாக்கிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் வாய் மூடியிருந்தேன். அவன் “பிறகு என்ன, பிறகு என்ன” என்று முழங்கையால் இடித்தான். பிறகு என்ன, கோட்டைக்கு அடியில் போகிற சுரங்கத்தில் மாமா அடிபட்டுக் கிடக்கிறார். வாளைப் பையனிடம் கொடுக்கிறார்.

அகானிம் என்ற சூனியக்காரன் நாட்டைப் பிடித்துவைத்திருக்கிறான். பழைய ஞானிகளின் வழிவந்த கன்னிப்பெண்களை ஒவ்வொருவராக மறு உலகத்துக்கு அனுப்புகிறான். அவனுக்குப் பின்னால் இருப்பவன் கானன், பன்றி உருவம் எடுத்த பழைய எதிரி. இந்தக் கதைவரிசையில் 1986 இல் வந்த முதல் ஆட்டத்திலிருந்தே அவனை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவனும் வந்துகொண்டே இருக்கிறான். வருடாவருடம் சூரன்போர் பார்க்கிற ஊர்க்காரருக்கு இதில் புதினம் ஒன்றுமில்லை. தலையை மாற்றி மாற்றி வருவான், கடைசியில் விழுவான், அடுத்த ஐப்பசிக்கு மறுபடி வருவான்.

ஆனால் ஆட்டத்தின் உயிர் வில்லனிடம் இல்லை, வரைபடத்தில்தான் இருக்கிறது. வெளிச்ச உலகம் ஒன்று, இருட்டு உலகம் ஒன்று. இரண்டும் ஒரே நிலம். இங்கே ஊர் இருக்கிற இடத்தில் அங்கேயும் ஊர், ஆனால் கள்வர் ஊர். இங்கே கோட்டை இருக்கிற இடத்தில் அங்கே பிரமிட். கையில் ஒரு மாயக்கண்ணாடி கிடைக்கும். இருட்டுப் பக்கத்தில் நின்று அதைக் காட்டினால் வெளிச்சப் பக்கத்தில் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள். அங்கே ஏற முடியாத திட்டியா? இருட்டுப் பக்கம் போய், அதே இடத்துக்கு நடந்து, கண்ணாடியைக் காட்டு. இரண்டு கரையையும் ஒரே நேரத்தில் தலைக்குள் வைத்திருக்க வேண்டும்.

இருட்டு உலகத்துக்குள் போகிற எவருக்கும் மனசுக்கு ஏற்ற உருவம் வந்துவிடும். லிங்க் முதல்தடவை போகும்போது இளஞ்சிவப்பு முயலாகிவிடுகிறான், வாளைத் தூக்கவும் முடியாது. அங்கே ஒருவன் உருண்டைப் பந்தாகவே மாறியிருக்கிறான், இன்னொருவன் அவனை உதைத்துக்கொண்டிருக்கிறான். நிலவு முத்து என்று ஒன்று கிடைத்த பிறகுதான் அங்கேயும் மனிதனாக நடமாடலாம். மகனுக்கு இது பெரிய மாயமாக இருந்தது. எனக்கு இல்லை. மண்முனைத் துறையில் பாலம் வருவதற்கு முன்னர் பாதையில்தான் வாவியைக் கடப்போம். இழுவைப் படகை எங்கள் பக்கம் பாதை என்றுதான் சொல்வது. போர்க்காலத்தில் இந்தப் பக்கம் இராணுவம், அந்தப் பக்கம் புலிகள் இயக்கம். அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டுத் துறைக்கு வந்தவர் முயல்தான். கொண்டுபோன பையில் பற்றரி இருந்தால் அதற்கும் கேள்வி. 2014 இல் பாலம் திறந்தார்கள். இப்போது ஆரையம்பதியிலிருந்து ஸ்கூட்டியில் ஏறினால் முதல் மணிக்கு முன்னர் படுவான்கரைப் பாடசாலையில் இருப்பேன்.

மகன் இரண்டு உலகத்தையும் சதுரக் கொப்பியில் வரையத் தொடங்கினான், இடப்பக்கத் தாளில் ஒன்று, வலப்பக்கத் தாளில் ஒன்று. நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனாகவே ஒரு தாளுக்கு மேலே ‘எழுவான்’ என்றும், பேய்கள் இருக்கிற தாளுக்கு மேலே ‘படுவான்’ என்றும் எழுதிவிட்டான். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, மேற்கே, படுகிற பக்கம் படுவான்கரை. என் அம்மா படுவான்கரையில் பிறந்து வளர்ந்தவர், நானும் அங்கேதான். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியைப் பார்த்தார்.

“அதென்ன மனே, எங்கட பக்கத்தயா பேய்ப்பக்கம் எண்டு எழுதி வச்சிரிக்காய்? அப்ப எழுவான்கரையார் எல்லாரும் தேவரோ?”

மகன் என்னைப் பார்த்தான். நான் கசட்டில் உள்ளதைத்தான் சொன்னேன். அந்த இருட்டு உலகம் தொடக்கத்தில் பொன்னிலமாகத்தான் இருந்தது. கானன் என்ற கள்வர்தலைவன் அங்கே இருந்த மாயசக்தியைத் தொட்டு ஆசைப்பட்டதால்தான் அப்படி ஆனது. “நான் சொன்னன்தானே” என்று அம்மா கொப்பியைத் திருப்பிக் கொடுத்தார். தலைப்பு இரண்டும் அழிறப்பரால் அழிக்கப்பட்டன. இப்போது ‘அ’, ‘ஆ’ என்று இருக்கிறது.

அதோடு விட்டிருந்தால் அம்மாவுக்கும் இந்த ஆட்டத்துக்கும் உறவு முடிந்திருக்கும். சதுப்புநில மாளிகையில் நாங்கள் இரண்டு நாள் மாட்டிக்கொண்டோம். உள்ளே வெறும் வாய்க்கால், தண்ணீர் இல்லை. நீந்திப் போக வேண்டிய இடம் என்று மட்டும் தெரிகிறது. மகன் கோபத்தில் பெட்டியை மடக்கி வைத்துவிட்டான். மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: “தண்ணி எங்கேருந்து வரவேணும்?” தெரியாது என்றான். “உன்னிச்சைக் குளத்தில வான்கதவத் திறந்தா வெள்ளம் ஆருக்கு வாறது? மற்றக் கரையில கதவு இரிக்கா எண்டு பாரு.” இருந்தது. வெளிச்ச உலகத்தில் அதே இடத்தில் ஒரு சின்னக் கட்டடம், உள்ளே இழுக்கிற பிடி. இழுத்ததும் இந்தப் பக்கம் தண்ணீர் வடிந்தது, அந்தப் பக்கம் வாய்க்கால் நிறைந்தது. வடிந்த இடத்தில் ஒரு மீன் தரையில் துடித்துக்கொண்டிருக்கும். தூக்கித் தண்ணீரில் போட்டால் நன்றி சொல்லிக் காசு தரும். எங்கள் வாவியில் மீன் பாடும் என்பார்கள், இந்த மீன் காசே தருகிறது. அந்த நாட்டுக் காசுக்குப் பெயரும் ரூபிதான். சிவப்பு மருந்து 120 ரூபி, 1991 இலிருந்து விலையேறவில்லை.

குறைகளும் இருக்கின்றன. லிங்கின் உயிர் குறைந்ததும் கீச்சு கீச்சு என்று ஓயாமல் சத்தம் போடும். இரவில் அம்மா பல்லி சொல்கிறது என்று எழும்பிவிட்டார். சத்தத்தைக் காதுக்குள் வாங்கலாம் என்றால் எஸ்.பி.யில் ஹெட்போன் துளையே இல்லை, தனி இணைப்பு வேண்டும். இந்தக் கைக்கடக்கப் பதிப்பில் லிங்க் வாள் வீசும்போதெல்லாம் கத்துகிறான், பழையதில் அது கிடையாது. திரை சின்னது என்பதால் மேலும் கீழும் கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கிறது. மோல்டோர்ம் என்ற புழு உங்களை மேடையிலிருந்து தள்ளிவிட்டால் கீழே விழுந்து, திரும்ப ஏறி, முதலிலிருந்து அடிக்க வேண்டும். அதைக் கொன்று நிம்மதியாக இருந்தால் கானனுடைய கோபுரத்தில் பழைய எதிரிகளோடு அதுவும் மறுபடி வந்து நிற்கிறது. அன்றைக்கு நானே ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன், மகன் கேட்டுவிட்டான்.

கசட்டில் ‘ஃபோர் சோட்ஸ்’ என்று இன்னொரு ஆட்டமும் இருக்கிறது. அதைத் தனியாக விளையாட முடியாது. இரண்டு பெட்டி, இரண்டு கசட், நடுவில் வயர் வேண்டும். அதை முடிக்காவிட்டால் முதல் ஆட்டத்தில் ஒரு கூடுதல் மாளிகையும் திறக்காது. சரி என்று இணையத்தில் விளம்பரம் பார்த்து இரண்டாவது கசட் ஒன்று 3,500 ரூபாய்க்கு வாங்கினேன். போலி. சேமித்ததெல்லாம் மறுநாள் காணாமல் போனது. விற்றவர் தொலைபேசியை எடுப்பதில்லை. சார்ஜரும் அப்படித்தான், நகரத்தில் ஒரு கடையில் வாங்கியது முதல் வாரத்திலேயே சூடாகி மணந்தது. யூ.எஸ்.பி. வயர் ஒன்றைத் தேடிப் பிடித்த பிறகுதான் பயமில்லாமல் இரவில் சார்ஜ் போடுகிறோம். பழைய பற்றரி நாலு மணித்தியாலம் தாங்குகிறது. பழைய பெட்டி தேடி அலையாமல் விளையாட விரும்புகிறவர் நின்டெண்டோவின் பிற்காலப் பெட்டியான ஸ்விட்ச் வைத்திருந்தால், அதன் இணையச் சந்தாவில் 2019 இலிருந்து மூலப் பதிப்பே இருக்கிறது. உயிர் குறைந்தால் கத்துவது அதிலும் உண்டு.

சண்டை எப்படி என்று கேட்பீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது. அகானிம் எறிகிற மந்திர உருண்டையை வாளால் திருப்பி அவனுக்கே அடிக்க வேண்டும். பூச்சி பிடிக்கிற வலையாலும் திருப்பலாம், மகன் அப்படித்தான் அடித்தான். கோழியை மட்டும் வெட்டாதீர்கள், விடாமல் வெட்டினால் ஊர்க்கோழியெல்லாம் பறந்துவந்து கொத்தும்.

எனக்குள் நின்றது வேறு. வெளிச்ச உலகத்தில் காட்டுக்குள் ஒரு பையன் குழல் ஊதுகிறான், சுற்றிலும் விலங்குகள். கிட்டப் போனால் மறைந்துவிடுகிறான். ஊர்ச் சாராயக்கடையில் அவனுடைய தகப்பன் இருக்கிறார். பொன்சக்தியைத் தேடி மலைக்குப் போன மகன் திரும்பவில்லை என்கிறார். இருட்டு உலகத்தில் அதே இடத்தில் ஒரு விலங்கு குந்தியிருக்கிறது. அது அவன்தான். அவன் தருகிற மண்வெட்டியால் இந்தக் கரையில் தோண்டி அவன் புதைத்த குழலை எடுத்துக்கொண்டு போனால், ஒருதரம் ஊதிக் காட்டச் சொல்கிறான். ஊதினால், கேட்டுக்கொண்டே மரமாகிவிடுகிறான். குழல் எங்களிடமே இருந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஊர்விட்டு ஊர் பறக்க அந்தக் குழலைத்தான் ஊத வேண்டும், ஒவ்வொரு தடவையும்.

நின்டெண்டோ 2011 இல் இந்த ஆட்டங்களுக்கெல்லாம் ஒரு காலவரிசை வெளியிட்டது. 1998 இல் வந்த ‘ஒக்கரினா ஒஃப் டைம்’ முடிகிற இடத்தில் காலம் மூன்று கிளையாகப் பிரிகிறது. அதில் ஒரு கிளை, நாயகன் கானனிடம் தோற்றுப்போன கிளை. எங்கள் கசட் அந்தக் கிளையில்தான் வருகிறது. இதைப் படித்ததும் எனக்கு ஆட்டத்தின்மேல் மரியாதை கூடியது. தோற்ற பக்கத்திலும் பிள்ளைகள் பிறந்து, கட்டிலில் கிடந்து, மழைச்சத்தம் கேட்டு எழும்புகிறார்கள்.

முடிவு மட்டும் எனக்குச் சரிவரவில்லை. கானன் விழுந்ததும் லிங்க் ஒரு வரம் கேட்கிறான், எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. மாமா குணமாகிறார். மரமான பையன் திரும்பவும் குழல் ஊதுகிறான். இத்தனை மணித்தியாலம் ஒவ்வொரு சாவியையும் தேடவைத்து வேலைவாங்கிய ஆட்டம், கடைசி ஐந்து நிமிடத்தில் கணக்கின் வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதிவிட்டது. என் மாணவர் எழுதியிருந்தால் பாதிப் புள்ளிதான். மகனுக்கு அது பிடித்திருக்கிறது. அந்தப் பையன் வந்த இடத்தில் பெட்டியைத் தூக்கி அம்மம்மாவிடம் காட்டினான். “எல்லாரும் வந்திட்டாங்களோ?” என்று கேட்டார். ஓம் என்றான்.

போன வெள்ளி மகன் இரண்டாம்தரம் தொடங்கினான். மழை, கட்டில், மாமா. அம்மா இப்போது பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்க்கிறார். மாமா கதவுப் பக்கம் திரும்பியதும், “அவரப் போகவிடாத மனே, மறிச்சு நில்லு” என்றார். மகன் ஏ பட்டன், பி பட்டன், அம்புக்குறி எல்லாவற்றையும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தான். அந்த மனிதர் போய்விட்டார்.