புரோமோ கோடு ஆர்டரைக் கடை ரத்து செய்தால்: பத்து வெள்ளி வழக்குக்கு மதிப்பு உண்டா?

தள்ளுபடி தரும் புரோமோ கோட்டைப் போட்டதும் கார்ட்டில் விலை இறங்கியது, அட்டையிலிருந்து பணமும் போனது. இரண்டு நாள் கழித்து, "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக உங்கள் ஆர்டர் ரத்து செய்யப்படுகிறது, பணம் திருப்பித் தரப்படும்" என்று ஒரு மின்னஞ்சல். 9.9, 11.11, தீபாவளித் தள்ளுபடி என்று வரிசையாக விற்பனை நடக்கும் மாதங்களில் இதை வாங்கிக்கொண்டு பேசாமல் போகிறவர்கள்தான் அதிகம். போக வேண்டியதில்லை. சிங்கப்பூரில் சிறிய தொகைத் தகராறுகளைத் தீர்க்கச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் என்று ஒன்று இருக்கிறது. அதன் இணையச் சேவையைப் புரோமோ கோடு தகராறுக்குப் பயன்படுத்தினால் என்ன கிடைக்கும், எங்கே கால் இடறும் என்பதற்கான மதிப்பீடு இது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். "ஆர்டர் உறுதி செய்யப்பட்டது" என்று கடை அனுப்பிய மின்னஞ்சல் கையில் இருந்து, கோட்டின் நிபந்தனைகளையும் நீங்கள் மீறாதிருந்தால், இந்த ஊரில் பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வழக்குக் கட்டணத்துக்கு இதைவிட நல்ல சேவை இல்லை. அந்த மின்னஞ்சல் இல்லையென்றால் பத்து வெள்ளியும் வீண், அரை நாள் விடுப்பும் வீண்.

ஏன் அந்த ஒரு மின்னஞ்சலுக்கு இவ்வளவு மதிப்பு? 2010ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் 14வது பிரிவில், எல்லாருக்கும் பொதுவாகத் திறந்திருக்கும் இணையதளத்தில் ஒரு பொருளை விலையோடு போட்டிருப்பது வெறும் அழைப்பு மட்டுமே என்கிறது. ஆர்டர் பொத்தானோடு கூடிய தளமும் இதில் அடங்கும். விலைக்குக் கட்டுப்படுவதாகக் கடை தெளிவாகச் சொல்லியிருந்தால் மட்டுமே கதை வேறு. ஆகவே நீங்கள் கோடு போட்டு, பணம் கட்டி, ஆர்டர் கொடுப்பது உங்கள் பக்கத்து முன்மொழிவு. அதைக் கடை ஏற்கும்வரை ஒப்பந்தம் இல்லை. கார்ட்டில் கோடு ஏறியதே கடை சம்மதித்ததற்குச் சான்று என்று பலர் வாதிடுகிறார்கள். நிற்காது. நிபந்தனைகளைச் சரிபார்க்கும் நிரல் அது, அவ்வளவுதான்.

இனி மின்னஞ்சலின் வாசகத்துக்கு வருவோம். "உங்கள் ஆர்டரைப் பெற்றுக்கொண்டோம்" என்பது ரசீது. "உங்கள் ஆர்டர் உறுதியானது" என்பது, பெரும்பாலும், ஏற்பு. "பொருளை அனுப்பிவிட்டோம்" என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. கடையின் விதிமுறையில் "பொருள் அனுப்பப்படும்போதுதான் ஒப்பந்தம் உருவாகும்" என்று ஒரு வரி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பெரிய கடைகள் பலவற்றில் இருக்கும், சிறிய கடைகளில் பெரும்பாலும் இருக்காது. லிட்டில் இந்தியாவில் கடை வைத்து, கூடவே ஆயத்தத் தளம் ஒன்றில் இணையக் கடையும் நடத்துகிறவர்கள் அந்தத் தளம் தரும் மாதிரி மின்னஞ்சலையே மாற்றாமல் விட்டுவிடுவார்கள். அந்த மாதிரியில் "உறுதியானது" என்றே இருந்துவிட்டால், அது கடையைக் கட்டுப்படுத்தும். உறுதி செய்தது கணினிதான், மனிதர் யாரும் பார்க்கவில்லை என்பது தப்பிக்க வழியாகாது. தானியங்கி முறையில் உருவாகும் ஒப்பந்தம் செல்லும் என்று அதே சட்டத்தின் 15வது பிரிவு சொல்கிறது.

அப்படியானால் உறுதிப்படுத்திய எந்த ஆர்டரையும் கடை தந்தே தீர வேண்டுமா? இல்லை. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இணைய விற்பனையில் அதைக் காட்டும் நல்ல எடுத்துக்காட்டு ஒரு சிங்கப்பூர் வழக்குதான். 2003 ஜனவரியில் டிஜிலேண்ட்மால் என்ற நிறுவனத்தின் தளத்தில் 3,854 வெள்ளி விலையுள்ள எச்பி லேசர் பிரிண்டர் 66 வெள்ளிக்கு ஏறிவிட்டது. பயிற்சிக்காக இட்ட எண் நேரடித் தளத்துக்குப் போய்விட்டதால் வந்த பிழை. செய்தி பரவி 784 பேர் 4,086 பிரிண்டர்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். எல்லாருக்கும் தானியங்கி உறுதி மின்னஞ்சலும் போனது. வழக்குத் தொடுத்த ஆறு பேர் மட்டும் கேட்டவை 1,606. உயர் நீதிமன்றத்தில் வி.கே. ராஜா 2004இல் தீர்ப்பளித்தார். 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆறு பேரும் தோற்றார்கள். விலை பிழையானது என்று தெரிந்தே அவர்கள் அள்ளினார்கள், அதனால் ஒப்பந்தம் செல்லாது என்பது காரணம்.

கடைகள் ரத்துக் கடிதத்தில் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுவதுண்டு. ஆனால் அதைப் பாதிதான் படித்திருப்பார்கள். வெறும் பிழை போதாது, அது பிழை என்பது வாங்கியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அல்லது பிழையாக இருக்கும் என்ற சந்தேகத்தோடு, நியாயமற்ற முறையில் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். 2020இல் குவாயின் வழக்கிலும் இதே கோட்பாடுதான் பேசப்பட்டது. சந்தை விலையைப்போல் ஏறத்தாழ 250 மடங்கு விலையில் கணினிகளுக்கிடையே நடந்துவிட்ட மின்னாணய விற்பனைகளைக் குவாயின் என்ற வர்த்தகத் தளம் தன்னிச்சையாகத் திருப்பியது. அது ஒப்பந்த மீறல் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிர்த்தரப்பின் நிரலை எழுதியவருக்குப் பிழை பற்றிய அறிவு இருந்ததாகக் காட்ட முடியவில்லை.

இதை உங்கள் ஆர்டரோடு பொருத்திப் பாருங்கள். விற்பனை மாதத்தில் 20 விழுக்காட்டுக் கோடு யாருக்கும் சந்தேகம் தராது. 9 என்று போட வேண்டிய இடத்தில் 90 விழுக்காடு என்று ஏறிய கோட்டைப் போட்டு ஒரே மாதிரி நாற்பது மிக்சி வாங்கினால், எந்த நடுவரும் உங்கள் பக்கம் நிற்கமாட்டார். எண்ணிக்கை முக்கியமான சான்று. வீட்டுக்கு ஒன்று வாங்கியவரையும் மறுவிற்பனைக்கு அள்ளியவரையும் ஒன்றாகப் பார்க்கமாட்டார்கள். "பிழையாம், சீக்கிரம் வாங்கு" என்று நண்பருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அதுவும் உங்களுக்கு எதிராக வரும்.

பெரும்பாலான புரோமோ கோடு ரத்துகள் இவ்வளவு பெரிய பிழைகள் அல்ல. நிபந்தனையில்தான் சிக்கல். முதல்முறை வாங்குவோருக்கு மட்டும், குறிப்பிட்ட வங்கி அட்டைக்கு மட்டும், முதல் 500 பேருக்கு மட்டும், குறைந்தபட்சச் செலவு இவ்வளவு என்று எழுதியிருப்பார்கள். குறைந்தபட்சச் செலவைப் பிற தள்ளுபடிகள் கழிந்த பிறகு கணக்கிடுவதா, முன்பா என்று எழுதாமல் விடுவதும் சாதாரணம். இரண்டு பற்றுச்சீட்டுகளை (வவுச்சர்களை) சேர்த்துப் போட முடியக்கூடாது என்று நினைத்த கடை, அதை நிரலில் தடுக்காமல் விட்டிருக்கும். விதியில் தடை எழுதப்படாமல், தளமும் அனுமதித்து, உறுதியும் வந்திருந்தால் வாங்கியவர் பக்கம் பலமாகவே இருக்கிறது. ஊழியர்களுக்கென்று கொடுத்த கோடு வெளியே கசிந்து, அது ஊழியர் கோடு என்று தெரிந்தே போட்டிருந்தால் பலம் கடைக்கு.

"எந்தக் காரணத்துக்காகவும் எப்போது வேண்டுமானாலும் ஆர்டரை ரத்து செய்யும் உரிமை எங்களுக்கு உண்டு" என்ற வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டத்தின் 3வது பிரிவின்படி, பயனீட்டாளரோடு தன் அச்சடித்த விதிமுறையில் ஒப்பந்தம் செய்யும் கடை, தன் கடமையை அறவே செய்யாமல் இருக்கும் உரிமையை எழுதிவைத்துக்கொண்டால், அந்த வரி நியாயமானதா என்று நடுவர் சோதிக்கலாம். "விலைப் பிழை இருந்தால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்வோம்" என்ற வரி நியாயமாகத் தெரியும். "எந்தக் காரணத்துக்காகவும்" என்பது அப்படித் தெரியாது.

எவ்வளவு கேட்பது என்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஒரு மிக்சியின் விலை 280 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கோடு 25 விழுக்காடு, ஆனால் உச்சவரம்பு 60 வெள்ளி. 25 விழுக்காடு என்றால் 70 வரும், வரம்பு 60 என்பதால் நீங்கள் கட்டியது 220. உறுதி மின்னஞ்சலுக்குப் பிறகு கடை ரத்து செய்து 220ஐத் திருப்பித் தந்துவிட்டது. இழப்பு 60 வெள்ளி என்று எழுதிவிடாதீர்கள். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 51வது பிரிவு சந்தை விலைக்கும் ஒப்பந்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அளவுகோலாக வைக்கிறது. பொருள் வந்திருக்க வேண்டிய நாளில் அதே மாடல் வேறு கடையில் 265க்குக் கிடைத்தால் உங்கள் இழப்பு 45. மாடல் எண், விலை, தேதி மூன்றும் தெரியும்படி அந்த வேறு கடையின் பக்கத்தை அன்றே படமெடுத்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து எடுத்த படம் எதையும் நிரூபிக்காது. விலைகளில் 9 விழுக்காடு பொருள், சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றில் சேர்த்தும் மற்றொன்றில் சேர்க்காமலும் ஒப்பிட்டால் கணக்கே தவறிவிடும்.

அந்த 45க்கு எதிராகச் செலவு: பயனீட்டாளர் வழக்குக் கட்டணம் 5,000 வெள்ளிவரை 10 வெள்ளி, அதற்கு மேல் 10,000வரை 20 வெள்ளி, அதையும் தாண்டினால் கோரும் தொகையில் 1 விழுக்காடு. கடையின் பதிவு விவரத்தை, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் வாங்க 5.50 வெள்ளி. மீதி 29.50. இதற்காக அலைவதா என்பது அவரவர் முடிவு. எட்டு வெள்ளி வித்தியாசத்துக்கு வேண்டாம் என்றே சொல்வேன். இருநூறு வெள்ளி வித்தியாசம் என்றால் தயங்கவே வேண்டாம். மன்றத்தின் உச்சவரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் எழுதி ஒப்புக்கொண்டால் 30,000. சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

சேவை எப்படி நடக்கிறது? அரசு நீதிமன்றங்களின் இணைய வழக்குத் தாக்கல் தளமான சிஜேடிஎஸ்ஸில், சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளம் வழியே நுழைய வேண்டும். முதலில் ஒரு முன்சோதனைக் கேள்விப் பட்டியல். அதில் "பொருள் விற்பனை ஒப்பந்தம்" என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். இங்கே நடக்கும் பெரிய தவறு எதிர்த்தரப்பின் பெயர். தளத்தின் பிராண்டுப் பெயரை எழுதிவிடுவார்கள். பிராண்டு மேல் வழக்குப் போட முடியாது. அட்டை அறிக்கையிலோ இன்வாய்ஸிலோ இருக்கும் நிறுவனப் பெயரையும் யுஇஎன் என்ற பதிவு எண்ணையும் பிஸ்ஃபைலில் சரிபார்த்து அதையே எழுதுங்கள். ஷாப்பி, லசாடா போன்ற தளத்தில் வாங்கியிருந்தால் உங்களுக்கு விற்றது பெரும்பாலும் தளம் அல்ல, அங்கே கடை போட்டிருக்கும் விற்பனையாளர். கோட்டைக் கொடுத்தது தளமா, விற்பனையாளரா என்பதையும் பாருங்கள். விற்பனையாளர் வெளிநாட்டில் இருந்தால் இந்த வழி நடைமுறையில் அடைபட்டுவிடும், தளத்தின் புகார் பிரிவோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

இந்தத் தளத்தில் மிகவும் பிடித்த அம்சம் இணையவழிப் பேச்சுவார்த்தை. விசாரணைக்கு முன்பே இரு தரப்பும் ஐந்து சுற்றுவரை தொகையை முன்வைத்துப் பேசலாம். ஒத்துவந்தால் அதையே மன்ற உத்தரவாக்கிக்கொள்ளலாம். சிறிய தொகைக்கு மேலாளரை அரை நாள் அனுப்புவதைவிட நாற்பது வெள்ளி கொடுப்பது கடைக்கும் லாபம். பணமாக அல்லாமல் பற்றுச்சீட்டாகத் தருகிறோம் என்று சொன்னால் அதன் காலாவதித் தேதியையும் குறைந்தபட்சச் செலவையும் எழுத்தில் கேளுங்கள். முப்பது நாளில் காலாவதியாகி, இருநூறு வெள்ளிக்கு வாங்கினால் மட்டுமே செல்லும் நாற்பது வெள்ளிச் சீட்டை நாற்பது வெள்ளியாக எண்ண முடியாது.

பேச்சு முறிந்தால் பதிவாளர் முன் கலந்தாய்வு, அதிலும் தீராவிட்டால் நடுவர் முன் விசாரணை. வழக்கறிஞர்களுக்கு இடமில்லை. அதனால் பெரிய நிறுவனமானாலும் ஓர் ஊழியரைத்தான் அனுப்ப முடியும். தமிழில் பேசத்தான் வசதி என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே குறிப்பிடுங்கள். ஆங்கிலத்தில் தடுமாறி நல்ல வழக்கைக் கெடுத்துக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல். நீங்கள் போகாவிட்டால் வழக்குத் தள்ளுபடியாகலாம், கடை வராவிட்டால் அவர்கள் இல்லாமலே உத்தரவு பிறக்கலாம்.

ஆவணங்களை இந்த வரிசையில் அடுக்குங்கள்: கோடு வெளியான பக்கமும் அதன் நிபந்தனைகளும், பணம் கட்டுவதற்கு முந்தைய கார்ட் பக்கம், உறுதி மின்னஞ்சல், அட்டை அறிக்கையில் பணம் கழிந்த வரி, ரத்து மின்னஞ்சல், மாற்று விலைக்கான படம். அட்டையில் "நிலுவை" என்று தற்காலிகமாகப் பிடித்துவைத்தது வேறு, உண்மையில் கழித்தது வேறு. கழித்திருந்தால் ஏற்புக்கு அது கூடுதல் சான்று. நிபந்தனைப் பக்கத்தைக் கடைகள் பிறகு மாற்றிவிடுவதுண்டு, ஆகவே ஆர்டர் கொடுக்கும் அன்றே படமெடுப்பதுதான் காரியம்.

சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கமான கேஸ் கடைக்குக் கடிதம் எழுத உதவும், சமரசத்துக்கு அழைக்கும், ஆனால் கட்டாயப்படுத்த அதிகாரமில்லை. இல்லாத சலுகையை இருப்பதாகக் காட்டி ஆர்டர்களை வாங்கி, பிறகு வரிசையாக ரத்து செய்யும் கடையென்றால் அது தனி ஒப்பந்தத் தகராறு மட்டுமல்ல, பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நியாயமற்ற வர்த்தக நடைமுறை. 2018 ஏப்ரலிலிருந்து அந்தச் சட்டத்தை நிர்வகிக்கும் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்துக்கு அதை எழுதிப் போடுவது அவசியம். அட்டை வங்கியிடம் பணத்தைத் திருப்பக் கேட்பது பணமே திரும்பி வராதபோது மட்டும் பயன்படும், இழந்த தள்ளுபடியை வங்கி தராது.

பகுதி ரத்து பற்றி ஒரு வார்த்தை. 120, 50, 30 வெள்ளி என மூன்று பொருள்கள், மொத்தம் 200. "180க்கு மேல் வாங்கினால் 40 கழிவு" என்ற கோடு போட்டு 160 கட்டியிருக்கிறீர்கள். கடை 50 வெள்ளிப் பொருளை ஸ்டாக் இல்லை என்று ரத்து செய்கிறது. கழிவை விகிதப்படி பிரித்தால் உங்களுக்கு வர வேண்டியது 40. ஆனால் சில தளங்களின் நிரல், மீதி 150தான், குறைந்தபட்சச் செலவு தவறிவிட்டது என்று முழுக் கழிவையும் பிடுங்கிக்கொண்டு 10 வெள்ளியை மட்டும் திருப்பும். நீங்களே பொருளைத் திருப்பிக் கொடுத்திருந்தால், விதியில் அப்படி எழுதியிருக்கும் பட்சத்தில், அதில் நியாயம் உண்டு. ஸ்டாக் இல்லாமல் போனது கடையின் குறை என்றால் துளியும் இல்லை. அந்த 30 வெள்ளியைக் கேட்டு வாடிக்கையாளர் சேவைக்கு இந்தக் கணக்கை அப்படியே எழுதி அனுப்புங்கள். அங்கே மனிதர் ஒருவர் பார்த்தால் பெரும்பாலும் அன்றே தீர்ந்துவிடும், மன்றம் வரை போகத் தேவைப்படாது.