தள்ளாடும் புராஜெக்ட்: ஆள் சேர்ப்பதா, வேலையைக் குறைப்பதா, தேதியைத் தள்ளுவதா, நிறுத்திவிடுவதா?

புராஜெக்ட் சிக்கலில் மாட்டிவிட்டது என்று தெரிந்ததும் பெரும்பாலான நிர்வாகங்கள் முதலில் ஆள் சேர்க்கத்தான் பார்க்கின்றன. இருக்கிற நான்கு வழிகளில் அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். எந்த வழியில் போவதானாலும் முதலில் கணக்கை நேராக்க வேண்டும்.

மொத்த பட்ஜெட் 100 என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்குள் 50-க்கு உரிய வேலை முடிந்திருக்க வேண்டும். உண்மையில் முடிந்தது 36, செலவானது 48. முடிந்ததைச் செலவால் வகுத்தால் 0.75, அதாவது ஒரு ரூபாய் செலவுக்கு 75 காசு வேலைதான் நடந்திருக்கிறது. இதே போக்கில் போனால் மொத்தச் செலவு 100-ஐ 0.75-ஆல் வகுத்து வருவது, ஏறக்குறைய 133. "பட்ஜெட்டுக்குள்ளேயே முடித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், மீதி வேலை 64-ஐ மீதிப் பணம் 52-ஆல் வகுத்துக் காட்டுங்கள்: 1.23. இதுவரை 0.75-ல் ஓடிய குழு நாளை முதல் 1.23-ல் ஓட வேண்டும். எதை மாற்றினால் அது நடக்கும் என்று சொன்னவரே விளக்கட்டும்.

அந்த 36-ம் உண்மையாக இருக்க வேண்டும். "90 சதவீதம் முடிந்தது" என்று வாரக்கணக்கில் அப்படியே நிற்கும் வேலைகளுக்கு 0 போடுங்கள். முடிந்து, சோதிக்கப்பட்டு, ஏற்கப்பட்டதற்கு மட்டுமே முழு மதிப்பு. இதற்கு ஒரு வாரம் ஒதுக்கினால் போதும். அந்த வாரம் புதிய மாற்றக் கோரிக்கை எதையும் உள்ளே விடக்கூடாது.

ஆள் சேர்ப்பது. தாமதமாகிவிட்ட மென்பொருள் புராஜெக்ட்டில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று ஃப்ரெட் புரூக்ஸ் 1975-ல் எழுதினார். கணினி நிறுவனமான ஐபிஎம்மின் ஓஎஸ்/360 என்ற இயங்குதளத்தை உருவாக்கும் வேலையை நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. காரணம் எளிது. 5 பேர் இருந்தால் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள 10 இணைப்புகள். 10 பேரானால் 45. அதோடு, புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க உட்காருவது பெரும்பாலும் குழுவின் கெட்டிக்கார ஆள்தான். மீட்க வேண்டிய நேரத்தில் அவருடைய வேலை நின்றுபோகும்.

வேலை தனித்தனித் துண்டாகப் பிரியும் இடங்களில், உதாரணமாகப் பழைய ஆவணங்களைப் பதிவேற்றுவது அல்லது ஒரே மாதிரிச் சோதனைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது போன்றவற்றில், ஆள் சேர்ப்பது பலன் தரும். அங்கேயும் கிரிட்டிகல் பாத்தில், அதாவது முடிவுத் தேதியைத் தீர்மானிக்கும் மிக நீண்ட வேலைத் தொடரில், உள்ள வேலைக்கு மட்டும் பணம் போடுங்கள். இணையாக ஓடும் இன்னொரு தொடர் அதைவிட 2 வாரம்தான் குறைவு என்றால், முதல் தொடரில் 4 வாரத்தைக் குறைத்தாலும் முடிவுத் தேதி 2 வாரம்தான் முன்னால் வரும். மீதிப் பணம் வீண்.

வேலையைக் குறைப்பது. எங்கள் தேர்வு பெரும்பாலும் இதுதான். ஆனால் இதில்தான் தில்லுமுல்லும் அதிகம். டெஸ்டிங், பயனர் பயிற்சி, பழைய தரவை மாற்றுவது ஆகியவற்றை வெட்டிவிட்டு "ஸ்கோப்பைக் குறைத்தோம்" என்பார்கள். அந்த வேலை எங்கும் போகவில்லை; தொடங்கிவைத்த மறுநாள் ஹெல்ப்டெஸ்க்கில் வந்து நிற்கும். ஏறக்குறைய முடிந்த அம்சத்தை வெட்டுவதிலும் லாபமில்லை, மிச்சமாவது கடைசித் துளிதான். இன்னும் தொடங்காதது, வேறு எதுவும் சார்ந்திராதது, இல்லாவிட்டாலும் முதல் நாள் தொழில் நடக்கக்கூடியது: இந்த மூன்றும் பொருந்துகிறவற்றைத் தேடுங்கள். வெட்டியதைப் பட்டியலாக எழுதி ஸ்பான்சரிடம், அதாவது புராஜெக்ட்டுக்குப் பணம் ஒதுக்கிப் பொறுப்பேற்றிருக்கும் மேலதிகாரியிடம், கையெழுத்து வாங்குங்கள். வாய்வார்த்தையாக விட்டால் அடுத்த மாதமே "அது இருக்கும் என்றுதானே நினைத்தோம்" என்று திரும்பி வரும்.

தேதியைத் தள்ளுவது. ஒரு முறை, பெரிதாக, காரணத்தோடு தள்ளினால் சரி. இரண்டு இரண்டு வாரமாக ஐந்து முறை தள்ளுவதுதான் மோசம். மூன்றாவது தடவைக்குப் பிறகு யாரும் தேதியை நம்பமாட்டார்கள், சார்ந்திருக்கும் துறைகளும் தயாராவதை நிறுத்திவிடும். குழுவின் மாதச் செலவு தொடரும் என்பதையும், ஒப்பந்தத்தில் தாமத அபராதம் இருக்கிறதா என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிறுத்துவது. இதுவரை போட்ட பணம் இந்த முடிவுக்குள் வரவே கூடாது. இன்னும் எவ்வளவு போட வேண்டும், போட்டால் என்ன கிடைக்கும் என்ற இரண்டு மட்டுமே கேள்வி. அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., வழக்குக் கோப்புகளைக் கணினியில் கையாளத் தொடங்கிய தனது 'விர்ச்சுவல் கேஸ் ஃபைல்' மென்பொருளை 2005-ல் கைவிட்டது. ஏறக்குறைய 17 கோடி டாலர் செலவான திட்டம் அது. அதற்கு மாற்றாக வந்த 'சென்டினல்' திட்டமும் தடுமாறியது. 2010-ல் எஃப்.பி.ஐ. அந்த வேலையை ஒப்பந்த நிறுவனத்திடமிருந்து தன் கைக்கு எடுத்துக்கொண்டு, சிறிய குழுவை வைத்து, குறுகிய சுற்றுகளாகச் செய்தது. 2012 ஜூலையில் அது பயன்பாட்டுக்கு வந்தது.

நிறுத்த முடிவெடுத்துவிட்டால், குழு கலைவதற்கு முன்பே தேவை ஆவணங்கள், சோதனைத் தொகுப்புகள், சுத்தம் செய்த தரவு, உரிமங்கள் எல்லாவற்றையும் ஒருவர் பெயரில் ஒப்படையுங்கள். ஒப்பந்தக்காரருக்கு முடிவு அறிவிப்பு எத்தனை நாள் முன்னதாகத் தர வேண்டும் என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். அறிவிப்பு தாமதமானால் ஓடாத புராஜெக்ட்டுக்கு இன்னொரு மாதம் பில் வரும்.