78,500 ரூபாவும் போச்சு, எங்கட கலியாணப் படமும் போச்சு. டெக்கரேஷன்காரருக்குக் காசு குடுக்க முதல் இதை வாசியுங்கோ

கை நடுங்கிக்கொண்டுதான் டைப் பண்ணுறன், பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ. 78,500 ரூபா. என்ர மகள் மாசா மாசம் சம்பளத்தில மிச்சம் பிடிச்சு, அம்மா அப்பான்ர 40ஆவது கலியாண நாளை வடிவாச் செய்யோணும் எண்டு சேர்த்த காசு. அதை வாங்கினவன் இப்ப போனே எடுக்கிறானில்லை.

பேஜ்ன்ர பேர் இங்க போடேல்ல, பொலிஸ்ல குடுக்கும் வரைக்கும் போடாதேங்கோ அம்மா எண்டு மகள் சொன்னபடியா. ஆனா எப்பிடியான ஆக்கள் எண்டு சொல்லுறன். கடை கிடையாது, பேஸ்புக்கிலயும் இன்ஸ்டாவிலயும் மட்டும்தான் இருப்பினம், பேர்த்டே, சாமத்தியவீடு, கலியாண நாள் எல்லாத்துக்கும் புல் பேக்கேஜ் எண்டு போட்டிருப்பினம். பூ, பலூன், பேக்ட்ரொப், கேக், அதோட பழைய கலியாணப் படத்தைத் திருத்திப் பெரிசாக்கி பிரேம் போட்டும் தருவினமாம். மகள் அந்தப் பேஜைப் பிடிச்சதே இந்தப் படத்துக்காகத்தான்.

நாங்கள் 1985இல யாழ்ப்பாணத்தில கலியாணம் செய்தனாங்கள். 95 ஒக்டோபர் இடம்பெயர்வில அல்பம் வீட்டோட போயிட்டுது. ஒரே ஒரு படம் மட்டும் என்ர மாமி தன்ர பாங் புத்தகத்துக்குள்ள வச்சு தென்மராட்சிக்குக் கொண்டு வந்தவ. இவர் தலைப்பாகையோட, நான் கூறையோட, பின்னால மணவறை கொஞ்சம் தெரியும். வலப்பக்க மூலை மடிஞ்சு வெள்ளையாப் போயிருக்கும், என்ர ஐயா நிண்ட இடத்தில தண்ணி பட்ட கறை. அவ்வளவுதான் எங்களிட்ட மிச்சம்.

அந்தப் பேஜ்காரப் பொடியன் கொழும்பு வெள்ளவத்தையில எங்கட ஃபிளாட்டுக்கே வந்தவன். அன்ரி அங்கிள் எண்டு அவ்வளவு மரியாதை. தேத்தண்ணி குடிச்சான், படத்தை லைட்டுக்குப் பிடிச்சுப் பாத்திட்டு "அன்ரி, அங்கிள் அப்பிடியே ஹீரோ மாதிரி இருக்கிறார்" எண்டான், இவருக்கும் முகமெல்லாம் சிரிப்பு. போன்ல எடுத்து அனுப்பினா காணாதோ எண்டு மகள் கேட்டவ, இல்லை அக்கா, ஒறிஜினல் வேணும், பெரிசாக்கேக்க முகம் உடைஞ்சிடும், மெஷின்ல வச்சு ஸ்கேன் பண்ணிட்டு அடுத்த நாளே கொண்டுவந்து தாறன் எண்டு சொல்லி எங்களுக்கு முன்னாலயே பபிள் ராப்பில சுத்தி ரெண்டு மட்டைக்கு நடுவில வச்சு டேப் ஒட்டினான். அந்த டேப் ஒட்டின விதத்தைப் பாத்தா ஆருக்கும் சந்தேகம் வராது. முழுக் காசையும் இப்பவே போட்டா பிரேம் ஃப்ரீ எண்டான். மகள் இருந்த இடத்திலயே 78,500ஐயும் ட்ரான்ஸ்பர் பண்ணினா, அவன்ர போனுக்கு மெசேஜ் வந்து விழும் வரைக்கும் பேசாம இருந்து பாத்திட்டுத்தான் எழும்பினவன். பில் வட்ஸ்அப்ல வரும் எண்டான். வரேல்ல.

போன சனிக்கிழமை விசேஷம். ஃபிளாட்டின்ர மேல்மாடி ஹோல், நாலு மணிக்கு வந்து கட்டிறம் எண்டவை. ஆறு மணிக்கு ஒரு ஓட்டோ வந்துது. உள்ளுக்க ஒரு கேக், ஊதாத பலூன் ஒரு பேக். கேக்கில 25 எண்டு போட்டு ஆரோ ரெண்டு பேரின்ர பேர், ஐசிங் ஒரு பக்கத்தால உருகி மட்டையில ஒட்டிக்கிடக்கு. ஓட்டோக்காரருக்கு ஒண்டும் தெரியாது பாவம், ஹயர் காசும் எங்களிட்டத்தான் கேட்டார். ஆக்கள் வந்து கதிரையில இருக்கினம், என்ர பிள்ளை மொட்டைமாடிக்கு ஓடிப்போய் அழுறா. பக்கத்து ஃபிளாட் அக்காதான் தன்ர காஞ்சிபுரம் சேலையள் ரெண்டைக் கொண்டுவந்து சுவரில கட்டி விட்டவ. சாப்பாடு வேற இடத்தில சொன்னபடியா மானம் தப்பிச்சுது.

அதுக்குப் பிறகு விட்ட கதையள்தான் வயிறு எரியுது. முதல்ல வேன் பழுதாம். பிறகு மெனேஜரோட கதைச்சிட்டுச் சொல்லுறமாம். பிறகு "உங்கட மகள்தான் டேட் மாத்தினவ" எண்டு ஒரு வொய்ஸ் நோட், கேக்கக் கேக்கப் பத்துது. ரீஃபண்ட் ப்ரொசஸ் ஆகுதாம். சரி காசை விடு, படத்தைத் தா எண்டு கேட்டா, கூரியர் சார்ஜ் 3,000 போடுங்கோ எண்டு கேக்கிறான்! எங்கட படத்தை எங்களுக்குத் தர! மகள் பேஜில கொமண்ட் போட்டா, அழிச்சிட்டு ப்ளொக். என்ர மச்சாள் புது ஆள் மாதிரி பேக்கேஜ் விலை கேட்டு மெசேஜ் போட்டா உடன பதில் வருது, ஹலோ டியர் எண்டு. அப்ப போன் வேலை செய்யுதுதானே.

பாங்குக்குப் போனம். நீங்களா அனுப்பின காசு, வாங்கினவர் சம்மதிக்காம எங்களால திருப்ப ஏலாது, பொலிஸ் என்ட்ரியோட வாங்கோ எண்டினம். அங்கதான் பாத்தம், எக்கவுண்ட் பேஜ்ன்ர பேரிலயும் இல்லை, வந்த பொடியன்ர பேரிலயும் இல்லை, ஆரோ ஒரு பொம்பிளையின்ர பேர். 78,500 ரூபா அவவிட்டப் போயிருக்கு.

என்ன செய்யோணும் எண்டு விளக்கமா எழுதத்தான் இருந்தனான், இப்ப மனம் ஓடேல்ல. முழுக்காசு முதலே குடுக்காதேங்கோ. எக்கவுண்ட் பேர் வேறயா இருந்தா அந்த இடத்திலயே நிப்பாட்டுங்கோ. பிஸ்னஸ் ரெஜிஸ்ட்ரேஷன் கொப்பி கேளுங்கோ. பழைய படம், ஓலை, காணி உறுதி எதையும் கையால குடுக்காதேங்கோ, நீங்களே கொமியுனிகேஷன் கடையில பக்கத்தில நிண்டு ஸ்கேன் எடுங்கோ. மெசேஜ் எல்லாம் அவை அழிக்க முதல் ஸ்க்ரீன்ஷொட் எடுங்கோ. பாவனையாளர் அதிகாரசபை நம்பர் 1977, நாங்களும் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு திங்கள் அங்கயும் பொலிஸுக்கும் போறம்.

வெள்ளவத்தை, தெகிவளை, பம்பலப்பிட்டிப் பக்கம் ஆரும் இப்பிடி ஒரு பேஜுக்குக் காசு குடுத்து ஏமாந்திருந்தா எனக்கு இன்பொக்ஸ்ல எழுதுங்கோ, சேர்ந்து போவம். அந்தப் பொடியன் இதை வாசிச்சா, காசுக்கு நாங்கள் பொலிஸுக்கு வாறம், படத்தை நாளைக்கே கொண்டுவந்து செக்கியூரிட்டியிட்டக் குடுத்திட்டுப் போ.