இல்லம் தேடிக் கல்வி மையம் நடத்தி வி.ஏ.ஓ. ஆன கதை

இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராகச் சேர்ந்தால் அரசு வேலைக்கு உதவுமா என்று சித்தி மகள் கேட்டாள். இரண்டு வருடத்துக்கு மேல் மையம் நடத்தி, இப்போது கிராம நிர்வாக அலுவலராக (வி.ஏ.ஓ.) இருக்கிறேன். மார்க் கணக்கில் கேட்டால், உதவாது. வி.ஏ.ஓ. வேலைக்கு எழுதுவது டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு, அதற்கு நேர்முகத் தேர்வே கிடையாது. 200 கேள்வி, 300 மதிப்பெண், அதில் பாதி தமிழ். மையம் நடத்தியதற்கு அரை மார்க் சேராது.

கொரோனாவில் விட்டுப்போன பாடத்தைப் பிடிப்பதற்காக அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டம் இது. நான் 2022 தொடக்கத்தில் சேர்ந்தேன். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் வகுப்பு, தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். அப்போது தொடக்க வகுப்புக்குப் பிளஸ் 2 போதும், 6 முதல் 8 வரை எடுக்க டிகிரி கேட்டார்கள். எனக்குப் பெரிய பிள்ளைகள்தான் வந்தார்கள். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கம் ஒரு கடற்கரை ஊர், சித்தி வீட்டு வராந்தா. ஆயிரம் ரூபாய் பஸ்ஸுக்கும் சாக்பீஸுக்கும் வெள்ளிக்கிழமை பழம்பொரிக்கும் சரியாகப் போனது.

முதல் இரண்டு மாதம் சொதப்பல். ஒரு பிள்ளை கட்டுரையில் 'வள்ளம்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அடித்து 'படகு' என்று எழுதினேன். மறுநாள் நோட்டோடு வந்து நின்றாள். "டீச்சரே, எங்க வீட்டுல உள்ளது வள்ளம். படகுன்னா பெரிய போட்டு இல்லியா?" அவள் சொன்னதுதான் சரி. அதன்பிறகு சிவப்புப் பேனாவைத் தொட யோசிப்பேன்.

பாடத்தைவிட அதிகம் படித்தது படிவம் நிரப்ப. என்எம்எம்எஸ் என்று மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு உண்டே, எட்டாம் வகுப்பில் எழுதித் தேறினால் ஒன்பதிலிருந்து பிளஸ் 2 வரை மாதம் 1,000 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டக்கூடாது, அதற்கு வருமானச் சான்று வேண்டும். ஒரு பையனுக்குப் பள்ளியில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் இன்னொன்று. அப்பா கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தார், திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அம்மா ஓர் அலுவலகத்துக்கு மூன்று தடவை போயும் "பெயர் சரியில்லை" என்ற ஒரே பதில்தான். எந்தத் தாளில் சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை. நாலாவது தடவை நானும் போனேன். எந்தத் தாளில் என்ற அந்த ஒரு வரியை எழுதி வாங்க மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பையன் தேர்வு எழுதினான், தேறவில்லை. அது வேறு விஷயம். நான் குரூப் 4 படிக்கலாம் என்று முடிவு செய்தது அந்தப் பெஞ்சில்தான்.

உதவாது என்றேனே, ஒன்று மட்டும் உதவியது. தமிழ்ப் பகுதிக்குப் பள்ளிப் புத்தகம்தான் அடிப்படை. ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் தினமும் உரக்க வாசித்துக் கொடுத்ததில் 2024 ஜூன் 9-ஆம் தேதி தேர்வில் தமிழ் எனக்குப் பயமாகவே இல்லை.

வீடு உங்கள் சம்பளத்தில் ஓடுகிறதென்றால் இந்த வழி வேண்டாம். சென்னை போகத் தயாரென்றால் டீச் ஃபார் இந்தியா என்ற தொண்டு நிறுவனத்தில், பள்ளியில் பாடம் நடத்த இரண்டு வருட முழுநேர ஃபெலோஷிப் இருக்கிறது, மாதாமாதம் பணமும் தருவார்கள். ஊரிலேயே இருந்து, ஜனங்கள் எந்தத் தாளுக்காக எங்கே அலைகிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்றால் சாயங்கால வகுப்புக்கு மிஞ்சியது இல்லை.

இப்போது வருமானச் சான்று விண்ணப்பம் முதலில் என்னிடம்தான் வருகிறது. திருப்பி அனுப்ப வேண்டியிருந்தால், எந்தத் தாளில் எந்தப் பெயர் ஒத்துப்போகவில்லை என்று எழுதி அனுப்புகிறேன். எல்லாம் உடனே முடிகிறது என்று சொல்லமாட்டேன், என் மேஜையிலும் தேங்கும்.

மையம் நடத்தப் போகிறவர்களுக்கு ஒன்று: அப்பா கையெழுத்து வேண்டிய தாள்களை ஜூன், ஜூலையிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், போட்டில் போகிறவர்கள் கரையில் இருப்பார்கள். நான் இப்போது இருப்பது தோவாளைப் பக்கம். இங்கே கடல் இல்லை, தடைக்காலமும் கிடையாது. பூச்சந்தை விடியற்காலையிலேயே கூடிவிடும், அதனால் பத்து மணிக்கு மேல் வரச் சொன்னால் வந்துவிடுகிறார்கள்.