வரலாறு படிப்பிக்க எந்த வழி: வந்தாறுமூலையா, தாழங்குடாவா?

உயர்தரத்தில் வரலாறு எடுத்துப் பெறுபேறும் வந்த பிள்ளைகள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் ஒவ்வொரு வருடமும் கேட்கும் கேள்வி இது: கம்பஸுக்குப் போவதா, கல்வியியற் கல்லூரிக்குப் போவதா? வரலாற்று ஆசிரியராக வேண்டும் என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருக்கிறது. எந்த வழியால் போவது என்பதில்தான் குழப்பம். வீட்டில் ஒன்று சொல்வார்கள், டியூஷன் சேர் இன்னொன்று சொல்வார். அநேகமாக எல்லாரும் வேலை எப்போது கிடைக்கும் என்பதோடு பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். வேலை முக்கியம்தான். ஆனால் இரண்டு இடத்திலும் பிள்ளை எப்படிப்பட்ட ஆசிரியராக வெளியே வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கம்பஸ் என்றால் முதலில் வந்தாறுமூலை. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. கலைப் பட்டம் பொதுவாகச் செய்தால் 3 வருடம், வரலாற்றைச் சிறப்புப் பாடமாக எடுத்தால் 4 வருடம். அம்பாறைக் கரையோரப் பிள்ளைகளுக்கு ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கிட்ட. ஆனால் வரலாற்றையே முதன்மையாகப் படிக்க நினைப்பவர், அதற்கு அங்கே என்ன வாய்ப்பு இருக்கிறதென்று பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைப் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

கல்வியியற் கல்லூரி என்றால் தாழங்குடா, அல்லது அட்டாளைச்சேனை. இதுவும் 3 வருடம். முதல் 2 வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாவது வருடம் முழுக்க ஒரு பாடசாலையில் பயிற்சி. முடிவில் கற்பித்தலில் தேசிய டிப்ளோமா. இதற்கும் உயர்தரப் பெறுபேறுதான் அடிப்படை, அதோடு நேர்முகப் பரீட்சையும் வயதெல்லையும் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எல்லாக் கல்லூரியும் எல்லா வருடமும் எல்லாப் பாடத்துக்கும் ஆள் எடுப்பதில்லை. தமிழ்மொழி மூலத்தில் எந்தப் பாடநெறிக்கு எந்தக் கல்லூரி என்பதை அந்தந்த வருட வர்த்தமானியில் வாசித்த பிறகே விண்ணப்பத்தை நிரப்புங்கள். வரலாறு என்று நினைத்துப் போய் வேறு பாடநெறியில் அமர்ந்துவிட்டால் பிறகு மாறுவது லேசான காரியமில்லை.

வேலை விஷயத்தில் கல்வியியற் கல்லூரிக்கே என் வாக்கு. அங்கே பிள்ளைகளை எடுப்பதே அரச பாடசாலைகளுக்கு ஆசிரியர் தேவை என்பதால்தான், ஆகவே படிப்பு முடிந்ததும் நியமனம் வருகிறது. தாமதமாகலாம், தூர இடமாகவும் இருக்கலாம், ஆனால் வரும். பட்டதாரிக்கு அந்த உறுதி இல்லை. 2017இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் இருந்து போராடியதை ஊரே பார்த்தது. அவர்களில் கலைப் பட்டதாரிகள் எத்தனையோ பேர். வீட்டில் வருமானம் இல்லை, தம்பி தங்கச்சி படிக்கிறார்கள் என்றால் இந்த வேறுபாட்டைச் சின்னதாக நினைக்கக் கூடாது. அதேநேரம் ஆசிரியர் சேவைக்குள் வந்துவிட்டால் பட்டதாரி டிப்ளோமாக்காரரைவிட மேலான தரத்தில்தான் தொடங்குகிறார். உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்க ஆள் தேடும் அதிபரும் முதலில் பட்டதாரியைத்தான் பார்ப்பார்.

சரி, படிப்புக்கு வருவோம். இரண்டு வழிக்கும் உள்ள உண்மையான தூரம் இங்கேதான் தெரியும்.

1638ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் கட்டிய கோட்டையை அந்த வருடம் மே மாதம் ஒல்லாந்தர் பிடித்தார்கள். சில நாட்களிலேயே கண்டி மன்னன் 2ஆம் இராசசிங்கனுக்கும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டுக்கும் இடையில் ஒப்பந்தம். அது எழுதப்பட்டது நம்முடைய மட்டக்களப்பில். பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைப்பது மன்னன் விரும்பினால் மட்டுமே என்ற நிபந்தனை மன்னன் பக்கத்துப் பிரதியில் இருந்தது, ஒல்லாந்தரின் பிரதியில் இல்லை. 1640இல் காலியையும் நீர்கொழும்பையும் பிடித்த பிறகு அவர்கள் மன்னனுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட பிரச்சினைக்கு இந்த வேறுபாடு ஒரு வேர்.

கம்பஸில் இதைப் படிக்கும் மாணவர் ஏன் இரண்டு பிரதியும் வேறுபடுகின்றன, எதை நம்புவது, மற்ற ஆவணங்கள் என்ன சொல்கின்றன என்று கேட்கப் பழகுவார். நல்ல விரிவுரையாளர் கிடைத்தால் அந்தப் பழக்கம் வாழ்நாள் முழுக்க வரும். 1962இல் எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ போன்ற நூலையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும். அதில் குடி வழக்கம், கோயில் உரிமை, ஆட்சி வரிசை எல்லாம் இருக்கும். எது பிற்காலத்தில் சேர்ந்தது, எதற்கு வேறு சான்று உண்டு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் அதை அப்படியே வகுப்பில் ஒப்பிப்பார், அல்லது கட்டுக்கதை என்று தள்ளிவிடுவார். சிறப்புப் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதும் பிள்ளை கொக்கட்டிச்சோலைக் கோயிலையோ, 1949இல் தொடங்கிய கல்லோயாக் குடியேற்றத் திட்டம் ஊர்களை மாற்றிய விதத்தையோ, 1961இல் அம்பாறை தனி மாவட்டமானதையோ தலைப்பாக எடுக்கலாம். முதியவர்களிடம் கேட்டு, கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள பதிவுகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒத்துப்பார்க்கும் அந்த வேலைக்குக் கல்வியியற் கல்லூரியில் நேரம் கிடையாது.

தாழங்குடாவில் கிடைப்பது வேறு. அதே ஒப்பந்தத்தைத் தரம் 10 பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளைக்குள் எப்படிக் கொண்டுபோவது என்பதை அங்கேதான் கற்றுத் தருவார்கள். பாடக் குறிப்பு எழுதுவது, குழுவாகப் பிரிப்பது, மெல்லக் கற்கும் பிள்ளையைக் கவனிப்பது, பின்வாங்கில் இருப்பவனைப் பேச வைப்பது எல்லாம் அங்கே படிப்பு. மூன்றாம் வருடம் நிஜ வகுப்பறைதான், அதற்கு ஈடான பயிற்சி கலைப் பட்டத்துக்குள் இல்லை. இதைக் குறைவாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. தரம் 6 தொடக்கம் 11 வரை எல்லாப் பிள்ளையும் கட்டாயம் படிக்கும் பாடம் வரலாறு. சாதாரண தரத்தில் 40 பல்தேர்வு வினா, பிறகு வரைபட வினாவோடு இரண்டாம் பத்திரம். நல்ல பட்டம் வாங்கியவர்கள் கரும்பலகை நிறையக் குறிப்பு எழுதிவிட்டுப் பாடமாக்கச் சொல்லும் வகுப்புகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு அநுராதபுரத்தை வரைபடத்தில் குறிக்கத் தெரியாது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பாடசாலைகளில் பல பிள்ளைகள் வயலுக்கும் மாட்டுக்கும் போய்விட்டு வந்து வகுப்பில் இருப்பவர்கள். அவர்களுக்குப் பாடத்தைப் பிடிக்க வைப்பது தனியான திறமை, பட்டச் சான்றிதழோடு அது தானாக வராது.

என்னைக் கேட்டால், வரலாற்றின் மேல் உண்மையான பிடிப்பு உள்ள பிள்ளை, வீட்டு நிலைமை இடம் கொடுத்தால், வந்தாறுமூலைக்குப் போய்ச் சிறப்புப் பட்டம் செய்ய வேண்டும். கற்பிக்கும் முறையைப் பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமாவில் பிடித்துக்கொள்ளலாம். வேலையில் இருந்துகொண்டே வார இறுதியில் அதைச் செய்கிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். பாட அறிவில் விடுபட்டதைப் பிறகு நிரப்புவதுதான் கஷ்டம். கல்யாணம், பிள்ளை, வாரம் முழுக்கப் பாடவேளை, இதற்கிடையில் யார் ஒல்லாந்தர் ஆவணம் தேடி வாசிப்பது?

ஆனால் உழைப்பு உடனே தேவைப்படும் பிள்ளையும், சின்ன வகுப்புகளோடு இருக்கவே ஆசைப்படும் பிள்ளையும் தாழங்குடாவுக்கோ அட்டாளைச்சேனைக்கோ தயங்காமல் போகட்டும். நியமனம் கிடைத்த பிறகு வெளிவாரியாகவோ திறந்த பல்கலைக்கழகத்தின் வழியாகவோ பட்டம் முடித்தவர்கள் இருக்கிறார்கள். திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பிலேயே பிராந்திய நிலையம் உண்டு. நீண்ட வழிதான், ஆனால் மாதச் சம்பளம் கையில் இருக்கும்.

எந்தப் பக்கம் போனாலும் மற்றப் பக்கத்தின் குறையை இப்போதே நிரப்பத் தொடங்கலாம். கம்பஸ் பிள்ளை விடுமுறையில் ஊர்ப் பாடசாலை அதிபரைக் கேட்டு, தரம் 6க்கோ 7க்கோ சில பாடங்கள் எடுத்துப் பார்க்கட்டும். கல்லூரிப் பிள்ளை மூன்றாம் வருடம் போகும் ஊரில், மாணவரை வைத்தே அந்த ஊரின் குளம், கோயில், பள்ளிவாசல், பாடசாலை எப்போது வந்தது, 1978 சூறாவளியில் என்ன நடந்தது என்று முதியவர்களிடம் கேட்டு எழுதுவிக்கட்டும். இரண்டு பேர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்பதையும் பக்கத்தில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.