பார்க்கிங் வசதி உண்டு: 18 மாத அனுபவம்

வேலையில் சேருவதற்கு முன் எச்.ஆர். பெண்ணிடம் நான் கேட்ட கடைசிக் கேள்வி, "வண்டி நிறுத்த இடம் இருக்கா?" என்பதுதான். "ஓ, ரெண்டு பேஸ்மென்ட் இருக்கு மேடம்" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. இரண்டு பேஸ்மென்ட் இருக்கத்தான் செய்கிறது. எனக்கு அதில் இடம் உண்டா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லை.

2024 ஜூனில் சேர்ந்தேன். அலுவலகம் சென்னையில் ஓ.எம்.ஆர். என்கிற பழைய மாமல்லபுரம் சாலையில், பெருங்குடிப் பக்கம். வீடு மடிப்பாக்கம். வேளச்சேரி, தரமணி வழியாகப் போனால் பத்து கிலோமீட்டர்தான். கட்டடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே இன்னமும் வேலை பார்க்கிறேன், அதுதான் காரணம்.

முதல் நாள் காரில் போனேன். 2020 மாடல் வேகன் ஆர். வாசலில் இருந்த செக்யூரிட்டி அண்ணா வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஹைட்டு போகாது மேடம்" என்றார். எனக்குப் புரியவில்லை. நான்கு மீட்டர்கூட நீளம் இல்லாத சின்ன வண்டி, இது எங்கே போகாது? கீழே கூட்டிப் போய்க் காட்டினார். முதல் பேஸ்மென்டில் பாதிக்கு மேல் மெக்கானிக்கல் பார்க்கிங். இரும்புத் தட்டில் காரை ஏற்றிவிட்டு இறங்கிக்கொண்டால், அது மேலே தூக்கும், பக்கவாட்டில் தள்ளும். சின்ன வயதில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு மற்ற எண்களை நகர்த்தி விளையாடுவோமே, அதே கணக்கு. பக்கத்தில் பலகை: அதிகபட்ச உயரம் 1550 மி.மீ. என் வண்டி 1675. நாலரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஹோண்டா சிட்டி சாவகாசமாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதைவிட நீளத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர் குறைவான என் வண்டிக்கு உயரம்தான் வினை. தலைக்கு மேல் இடம் இருக்கட்டும், அப்பா தலைப்பாகை கட்டினால்கூட இடிக்காது என்று பார்த்துப் பார்த்து வாங்கிய வண்டி அது.

அந்த மெஷினில் இடம் கிடைத்தவர்களையும் நான் அப்புறம் பொறாமையாகப் பார்க்கவில்லை. மாலை ஆறரைக்கு ஆறு பேர் ஒன்றாகக் கீழே வந்தால், ஒவ்வொரு காராக இறங்க வேண்டும். கடைசி ஆள் அரை மணி நேரம் நிற்பார். நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறினால் மெஷின் அப்படியே உறைந்துவிடும். ஆபரேட்டர் வந்து ரீசெட் செய்யும்வரை காரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எனக்குக் கிடைத்தது இரண்டாவது பேஸ்மென்டில் முன்னும் பின்னுமாக நிறுத்தும் வரிசை. முதலில் வருகிறவர் சுவர் ஓரம், அடுத்தவர் அவருக்கு முன்னால், அதற்கும் முன்னால் இன்னொருவர். "நியூட்ரல்ல விட்டுட்டுப் போங்க, ஹேண்ட் பிரேக் போடாதீங்க" என்பது அங்கே வேதவாக்கு. யாராவது பின்னாலிருந்து எடுக்க வேண்டும் என்றால் இரண்டு செக்யூரிட்டிகள் முன்னால் நிற்கும் வண்டிகளைக் கையால் தள்ளுவார்கள். என் பம்பரில் இரண்டு உள்ளங்கைத் தடங்கள் எப்போதும் இருக்கும். சாவியைக் கொடுக்கச் சொல்லாதவரை சரி என்று விட்டுவிட்டேன்.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் டீமில் ஒருவர் புதுக் கார் வாங்கினார். அதில் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக். இன்ஜினை அணைத்ததும் தானாகவே பிடித்துக்கொள்ளும். பத்துப் பேர் தள்ளினாலும் நகராது. மூன்று நாள் அவரைப் போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போன செக்யூரிட்டிகள், நான்காம் நாள் அவருக்கென்று தனியாக ஒரு மூலையை ஒதுக்கிவிட்டார்கள். தள்ள முடிகிற வண்டி வைத்திருக்கிற நாங்கள் எல்லாம் இன்னும் வரிசையில்தான்.

வரிசைப் பார்க்கிங்கின் உண்மையான விலை எனக்குத் தெரிய ஒரு மாதம் ஆனது. எட்டேகாலுக்கு வந்தால் சுவர் ஓரம்தான் கிடைக்கும், அதாவது மாலைவரை வண்டி சிறையில். ஒன்பதரைக்கு வந்தால் இடமே இல்லை. நடுவில் ஒன்பது மணிவாக்கில் வருகிறவருக்கு மட்டும்தான் வெளிப்பக்கம் வாய்க்கும், அவருக்கும் அரை மணிக்கு ஒரு போன் வரும். மகளுக்குப் பள்ளியில் காய்ச்சல் என்று ஒரு மதியம் அழைப்பு வந்தது. எனக்கு முன்னால் இரண்டு கார். ஒருவர் மீட்டிங்கில் போனை சைலன்ட்டில் போட்டிருந்தார், வண்டியை கியரில் விட்டிருந்தார். கீழே இருபது நிமிடம் நின்றுவிட்டு ஆட்டோ பிடித்துப் போனேன். சொந்த வண்டி எதற்கு வைத்திருக்கிறோம், அவசரத்துக்குத்தானே? அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அந்த ஆள் மேல் இல்லை. காலையில் இடம் கிடைத்ததற்காகச் சந்தோஷப்பட்டேனே, அந்த என் மேல்தான்.

இத்தனைக்கும் லிஃப்டுக்குப் பக்கத்தில் எட்டு இடங்கள் மேலதிகாரிகளுக்கு ஒதுக்கப்பட்டவை. ஒவ்வொன்றிலும் ஓர் ஆரஞ்சு கோன். செவ்வாய், புதன், வியாழன் எல்லோரும் வர வேண்டும் என்பதால் அந்த மூன்று நாளும் நாங்கள் முட்டி மோதுவோம். கோன்கள் நிம்மதியாக நிற்கும்.

கொஞ்ச காலம் வெளியே நிறுத்திப் பார்த்தேன். பக்கத்துத் தெருவில் காலி மனை ஒன்றில் நாளுக்கு 50 ரூபாய் வாங்கிக்கொண்டு விடுகிறார்கள். ரசீது கிடையாது, நிழல் கிடையாது. மழை பெய்தால் சேறு. மெயின் ரோட்டில் மெட்ரோ வேலை நடப்பதால் ஓரத்தில் நிறுத்துவது நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. மாதவரத்திலிருந்து சிப்காட் வரை போகும் மூன்றாவது வழித்தடம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகிறது. சாலை குறுகக் குறுக வண்டிகள் எல்லாம் உள்தெருக்களுக்கு ஒதுங்கின. அங்கே குடியிருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? பூந்தொட்டி, பாறாங்கல், பெயின்டில் 'நோ பார்க்கிங்'. ஒருமுறை டயரில் காற்றை இறக்கிவிட்டிருந்தார்கள். இன்னொரு முறை 500 ரூபாய்க்கு இ-சலான் வந்தது.

ஆனால் என்னைத் திருத்தியது அபராதம் இல்லை. மார்கழியில் ஒரு காலை, அவசரத்தில் ஒரு வீட்டு வாசலை ஒட்டி நிறுத்திவிட்டு இறங்கினேன். முன் சக்கரம் ஒரு பெரிய புள்ளிக் கோலத்தின் நடுவில். பூசணிப் பூகூட வைத்திருந்தார்கள். வீட்டுக்கார அம்மா திட்டவில்லை. "பரவாயில்லம்மா, நீயும் வேலைக்குத்தான போற" என்றார். திட்டியிருந்தால் மறுநாளும் அங்கேயே நிறுத்தியிருப்பேனோ என்னவோ.

மழையைப் பற்றிச் சொல்லாமல் சென்னையில் பேஸ்மென்ட் அனுபவம் எழுத முடியாது. 2024 அக்டோபர் நடுவில் கனமழை எச்சரிக்கை வந்தபோது, சாயங்காலம் நாலு மணிக்கு அலுவலகத்தில் மெயில்: ஏழு மணிக்குள் பேஸ்மென்டைக் காலி செய்யவும், மீறி நிறுத்தப்படும் வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. சரி, எடுத்துக்கொண்டு எங்கே போவது? என் வீட்டுத் தெருவும் தாழ்வுதான். 2015இலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் பட்ட பாடு மறக்கவில்லை. வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்கெனவே கார்கள் ஓரமாக அணிவகுத்து நின்றன. நானும் ஒன்றைச் செருகிவிட்டு நடந்து வீட்டுக்குப் போனேன். அபராதம் போடுகிறார்கள் என்று ஒரு வதந்தி, இல்லை என்று போலீஸ் மறுப்பு. இரண்டையும் வாட்ஸப்பில் படித்துக்கொண்டே தூங்கினேன். இந்தப் 18 மாதத்தில் என் காருக்குக் கிடைத்த மிக நல்ல பார்க்கிங், உண்மையாகச் சொன்னால், அந்த மேம்பாலம்தான். முன்னால் யாரும் இல்லை, வேண்டும்போது எடுக்கலாம்.

அதன் பிறகு ஆக்டிவாவுக்கு மாறினேன். டூ வீலருக்குக் கட்டடத்தின் பின்பக்கம் இடம், பாதிக்குத்தான் தகரக் கூரை. இங்கேயும் சட்டங்கள் உண்டு: சென்டர் ஸ்டாண்ட் போட வேண்டும், சைடு லாக் போடக் கூடாது. லாக் போடாவிட்டால்தான் நெருக்கித் தள்ளி இன்னொன்றைச் செருக முடியும். புல்லட்காரர்கள் மட்டும் சைடு ஸ்டாண்டில் சாய்த்துவிட்டுப் போவார்கள். ஒரு புல்லட் சாய்ந்தால் இரண்டு ஸ்கூட்டி இடம் போச்சு. அதன் எடை 200 கிலோவை ஒட்டி, யார் நிமிர்த்துவது? மே மாதத்தில் வெயிலில் நின்ற சீட்டில் உட்காருவதற்கு முன் துப்பட்டாவை நனைத்து விரித்திருக்கிறேன். வேப்பமர நிழலில் நிறுத்தினால் காக்கை எச்சம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அன்றைக்குக் கட்டியிருக்கும் புடவையைப் பொறுத்தது. குறைகள் இருந்தாலும் ஸ்கூட்டரை நானே இழுத்து வெளியே எடுத்துவிடலாம். அந்த ஒன்றுக்காகவே காரைவிட இதற்கு இரண்டு மதிப்பெண் கூடுதலாகக் கொடுப்பேன்.

புதிதாகச் சேருகிறவர்கள் என்னிடம் கேட்டால், செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு ஒருமுறை சும்மா வந்து பேஸ்மென்டைப் பார்த்துவிட்டு ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்கிறேன். சிரிக்கிறார்கள். சேர்ந்த பிறகு சிரிப்பதில்லை.

போன மாதம் எனக்கு நிரந்தர இடம் ஒதுக்கி மெயில் வந்தது. ஒருவர் வேலையை விட்டுப் போனதால் கிடைத்த இடம். இரண்டாவது பேஸ்மென்ட், தூணை ஒட்டி, முன்னால் யாரும் நிறுத்த முடியாது. விதிப்படி ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வேண்டும். டேப் வைத்து அளந்தேன், இருக்கிறது. ஆனால் தூண் சரியாகக் கோட்டின் மேலேயே நிற்பதால் டிரைவர் பக்கக் கதவு கால்வாசிதான் திறக்கிறது. கியரைத் தாண்டி இடப்பக்கமாக இறங்கப் பழகிவிட்டேன். அட்மினில் இதைப் பற்றி இதுவரை வாய் திறக்கவில்லை. சொன்னால் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.