‘குழந்தை கொஞ்சம் சின்னதா இருக்கு’: பெங்களூரில் எடுக்கும் வளர்ச்சி ஸ்கேன் காசுக்குத் தகுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வயிற்றிலிருக்கும் குழந்தை சரியாக வளர்கிறதா என்று 32 வாரத்துக்கு மேல் பார்க்கும் வளர்ச்சி ஸ்கேனை, ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளரோடு சேர்த்து எடுத்தால் கொடுக்கிற காசுக்குத் தகும். எடையை மட்டும் எழுதிக் கையில் கொடுக்கும் ரிப்போர்ட் பாதிக் காசுக்குத்தான் தகும். ‘எதுக்கும் அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்த்திடலாம்’ என்று ஓடிப்போய் எடுப்பது முழு வீண். வீட்டில் வைத்து இதயத் துடிப்பு கேட்கும் கைக்கருவியை வாங்கவே வேண்டாம்.

அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், ஈஜிபுரா என்று தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற பக்கமெல்லாம் ஸ்கேன் சென்டருக்குப் பஞ்சமில்லை. எங்கே போனாலும் டாக்டர் எழுதிய சீட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள். கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ‘படிவம் எஃப்’ நிரப்பிக் கையெழுத்து வாங்குவது, கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். ஆணா பெண்ணா என்று ஜாடையாகக் கேட்பதும் தப்பு, சொல்வதும் தப்பு. கூட வந்த மாமியாரிடம் வாசலிலேயே சொல்லிவைப்பது நல்லது. கையில் இருக்கவேண்டியவற்றில் பலர் மறப்பது முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை. ஊரில் எடுத்தது, அம்மா வீட்டுப் பீரோவில் இருக்கிறது என்பார்கள். போனில் போட்டோ எடுத்தாவது அனுப்பச் சொல்லுங்கள். அது இல்லாமல் எடுக்கிற வளர்ச்சி ஸ்கேன் எந்தக் கேள்விக்கும் உருப்படியாகப் பதில் சொல்லாது. ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம்.

உள்ளே நடப்பது இதுதான். தலையின் குறுக்களவு, தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் என்று நான்கு அளவு எடுக்கிறார்கள். அதை மெஷின் ஒரு சூத்திரத்தில் போட்டு எடை சொல்கிறது. பெரும்பாலான மெஷின்களில் இருப்பது ஹாட்லாக் சூத்திரம். யாரும் குழந்தையைத் தராசில் வைக்கவில்லை, நாலு நீளத்திலிருந்து எடையை ஊகிக்கிறார்கள். நல்ல கைகளிலும் 10 முதல் 15 சதவீதம் முன்பின் போகும்.

நான்கில் வயிற்றுச் சுற்றளவுதான் முக்கியம். நஞ்சுக்கொடி வழியாகச் சாப்பாடு குறைந்தால் முதலில் இளைப்பது கல்லீரலும் வயிற்றுக் கொழுப்பும். தப்பு அதிகமாக நடப்பதும் இதே அளவில்தான். வாழைத்தண்டை நேராக வெட்டினால் வட்டம், சாய்த்து வெட்டினால் நீள்வட்டம் வருமே, அதே கதை. சரியான படத்தில் வயிறு உருண்டையாகத் தெரியவேண்டும், உள்ளே இரைப்பை கறுப்புக் குமிழாகவும் தொப்புள் ரத்தநாளம் சின்ன வளைவாகவும் இருக்கவேண்டும், சிறுநீரகம் தெரியவே கூடாது. ரிப்போர்ட்டோடு தரும் படங்களில் இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முட்டை மாதிரி நசுங்கிய வயிற்றைச் சுற்றிக் கோடு போட்டிருந்தால் அந்த எடையை நம்பி இரவு முழுக்க அழவேண்டாம். இந்த ஓர் அளவில் 1 செ.மீ. தவறினால் 34 வாரத்துக் குழந்தையின் எடை சுமார் 120 கிராம் மாறிவிடும். கவனமாக எடுப்பவர் அதே அளவை இரண்டு மூன்று முறை எடுத்துச் சராசரி போடுவார். அஞ்சே நிமிடத்தில் ஜெல்லைத் துடைத்துவிட்டு ‘ஆயிற்று’ என்பவரிடம் அது நடக்காது.

அடுத்தது ரிப்போர்ட். எல்லாரையும் கலங்கவைக்கிற வரி இதில்தான் இருக்கிறது. ‘கடைசி மாதவிலக்குப்படி 34 வாரம்’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே ‘ஸ்கேன்படி 31 வாரம் 5 நாள்’ என்று இன்னொரு வரி. ‘குழந்தை ரெண்டு வாரத்துக்கு மேல பின்தங்கிடுச்சு’ என்று வீடு முழுக்கச் செய்தி போய்விடும். அந்த இரண்டாவது வரி நான்கு அளவுகளையும் வாரமாக மாற்றிப்போட்ட சராசரி, அவ்வளவுதான். சில சென்டர்களில் இதை வைத்துப் பிரசவத் தேதியையும் புதிதாக அச்சடித்துவிடுகிறார்கள். அந்தத் தேதியை அடித்துவிடுங்கள். கருவின் வயதை நம்பிக்கையாகச் சொல்வது முதல் மூன்று மாத ஸ்கேன்தான், அதில் பிழை ஒரு வாரத்துக்குள். கடைசி மூன்று மாதத்தில் அதே பிழை மூன்று வாரம் வரை போகும். இதற்கு மறுபக்கமும் உண்டு. மாதவிலக்கு ஒழுங்காக வராதவருக்கு வாரக்கணக்கே தப்பாக இருந்தால், நன்றாக இருக்கிற குழந்தையும் சின்னதாகத் தெரியும். பழைய ரிப்போர்ட் கேட்டது இதற்காகத்தான்.

பார்க்கவேண்டியது பர்சன்டைல். அதே வாரத்தில் இருக்கும் நூறு குழந்தைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக நிறுத்தினால் உங்கள் குழந்தை எத்தனையாவது என்பது கணக்கு. 10-க்குக் கீழே போனால் ‘சிறிய குழந்தை’ என்று பெயர். அதில் நிறையப் பேர் அப்பா அம்மா சிறிய உடம்பாக இருப்பதால் தானும் சின்னதாக, ஆரோக்கியமாக இருப்பவர்கள். 3-க்குக் கீழே போனால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் டாக்டர் விடாமல் கவனிப்பார். எந்த அட்டவணையை வைத்துச் சொன்னார்கள் என்பதும் முக்கியம். பரவலாகப் புழங்கும் ஹாட்லாக் வளர்ச்சி அட்டவணை 1991-இல் வந்தது, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்துப் பெண்களை அளந்து போட்டது. 2014-இல் வந்த இன்டர்குரோத் அட்டவணைக்கு எட்டு நாடுகளில் அளந்தார்கள், அதில் நம் நாக்பூரும் உண்டு. முதல் அட்டவணையில் 10-க்குக் கீழே விழுகிற குழந்தை இரண்டாவதில் மேலே நிற்கலாம். அதனால் போன தடவை ஓர் அட்டவணை, இந்தத் தடவை வேறொன்று என்றால் ஒப்பிடவே முடியாது. முடிந்தவரை ஒரே சென்டர், ஒரே டாக்டர்.

வாராவாரம் எடுப்பது ஏன் வீண்? ஹாட்லாக் கணக்கில் நடுத்தரக் குழந்தை 34 வாரத்தில் 2,377 கிராம், 36 வாரத்தில் 2,813 கிராம். வாரத்துக்குச் சுமார் 200 கிராம் ஏறுகிறது. 2,100 கிராம் குழந்தையை அளக்கும்போது பத்து சதவீதப் பிழையே 210 கிராம் வந்துவிடுகிறது. ஒரு வாரத்து வளர்ச்சியும் அளவின் பிழையும் சரிக்குச் சரி. ‘ஒரு வாரத்தில் 40 கிராம்தான் ஏறியிருக்கு’ என்பதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. இரண்டு வாரமாவது, முடிந்தால் மூன்று வாரம் இடைவெளி விட்டால்தான் போக்கு தெரியும். முன்பு பர்சன்டைல் 40-இல் இருந்த குழந்தை இப்போது 12-க்கு இறங்கியிருந்தால், பத்துக்கு மேலே இருந்தாலும் டாக்டரிடம் கேளுங்கள். ஆரம்பத்திலிருந்தே 8-இல் போய்க்கொண்டிருக்கும் குழந்தையைவிட இதைப் பற்றித்தான் பேசவேண்டும்.

எடைக்கு வாரக்கணக்கில் காத்திருக்கலாம், ரத்த ஓட்டத்துக்கு அப்படி இல்லை. இங்கேதான் டாப்ளர் வருகிறது. டாப்ளர் போட்டதாகச் சொல்லித் தொப்புள்கொடித் தமனியை மட்டும் பார்த்து முடிக்கிற சென்டர்கள் உண்டு. 32 வாரத்துக்கு மேல் அது போதாது. இந்தக் கட்டத்தில் தொப்புள்கொடி ஓட்டம் நன்றாக இருக்கும்போதே குழந்தை தன் மூளைக்கு ரத்தத்தைக் கூடுதலாகத் திருப்பத் தொடங்கியிருக்கலாம். அதைக் காட்டுவது மூளையின் நடுத் தமனி. இரண்டையும் பார்த்து, மூளைத் தமனியின் எண்ணைத் தொப்புள்கொடியின் எண்ணால் வகுத்த விகிதத்தையும் எழுதவேண்டும். அந்த விகிதம் 1-க்குக் கீழே போனால் கவனிக்கவேண்டும் என்பது பரவலாகப் புழங்கும் கணக்கு. தொப்புள்கொடியில் ‘முடிவோட்டம் இல்லை’ (துடிப்புக்குத் துடிப்பு நடுவே ரத்தம் நின்றுபோகிறது) அல்லது ‘பின்னோட்டம்’ (திரும்பி ஓடுகிறது) என்று எழுதியிருந்தால் வீட்டுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தை துள்ளும்போதும் மூச்சுப் பயிற்சி செய்யும்போதும் எடுத்த டாப்ளர் தப்பாகக் காட்டும், தலையைக் கருவியால் அழுத்தினாலும் அப்படித்தான். நல்ல டாக்டர் குழந்தை அடங்கும்வரை காத்திருப்பார், பத்து நிமிடம் வெளியே நடந்துவிட்டு வரச் சொல்வார். அலுத்துக்கொள்ளாதீர்கள்.

பனிக்குட நீர் பற்றி இரண்டே வரி. நான்கு பக்கமும் அளந்து கூட்டினால் 5-லிருந்து 25 செ.மீ. வரை, ஒரே ஆழமான இடத்தை அளந்தால் 2-லிருந்து 8 செ.மீ. வரை சரியான அளவு. நான்கையும் கூட்டி 8 வந்ததற்கெல்லாம் ‘தண்ணி வத்திடுச்சு’ என்று இளநீர்க் கடைக்கு ஓடவேண்டாம்.

செலவு. வளர்ச்சி ஸ்கேன் பெரும்பாலும் ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து மூவாயிரம் ரூபாய்க்குள் முடியும். டாப்ளரைச் சேர்த்தா, தனியாகவா என்பதில்தான் பில் எகிறுகிறது. வயிற்றுக் குழந்தைக்கான (ஃபீட்டல் மெடிசின்) சிறப்பு டாக்டர் இருக்கும் சென்டரில் கூடுதல். முதல் தடவைக்குப் பக்கத்துச் சென்டரே போதும். 10-க்குக் கீழே வந்தாலோ டாப்ளர் சந்தேகமாக இருந்தாலோ அடுத்ததைச் சிறப்பு டாக்டரிடம் எடுப்பது சரியான செலவு. காசு இடிக்கிறவர்களுக்குக் கோட்டைப் பக்கம் வாணி விலாஸ், சிவாஜிநகரில் கோஷா ஆஸ்பத்திரி இருக்கின்றன. 2016-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் மாதாமாதம் 9-ஆம் தேதி அரசு மையங்களில் இலவசக் கர்ப்பப் பரிசோதனை நடக்கும். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் தாயி கார்டைக் கொண்டுபோங்கள், சீக்கிரமே போய் வரிசையில் நில்லுங்கள்.

சின்னக் குழந்தை என்றதும் என்.எஸ்.டி. எழுதுவார்கள். வயிற்றில் இரண்டு பட்டை கட்டி 20 நிமிடம் துடிப்பைத் தாளில் வரையும் பரிசோதனை. அடிப்படைத் துடிப்பு 110-லிருந்து 160, இடையில் 15 துடிப்பாவது ஏறி 15 வினாடி நிற்கிற ஏற்றம் இரண்டு வந்தால் சரி. வராவிட்டால் பாதி நேரம் காரணம் குழந்தை தூங்குவதுதான், 40 நிமிடம் வரை நீட்டிப் பார்ப்பார்கள். மல்லாந்து படுக்காமல் இடது பக்கம் சாய்ந்திருங்கள். இது இன்றைக்குக் குழந்தை எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லும். வளர்ச்சியைப் பற்றிச் சொல்லாது, அடுத்த வாரத்துக்கும் உத்தரவாதம் தராது.

ஆன்லைனில் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் கை டாப்ளர் கருவிக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம். கேட்கிற சத்தம் குழந்தையுடையதா, தாயின் நாடியா, நஞ்சுக்கொடியின் இரைச்சலா என்று பழக்கமில்லாத காதுக்குத் தெரியாது. துடிப்பு கிடைக்காவிட்டால் வீணான பீதி. கிடைத்துவிட்டால் அது இன்னும் மோசம், அசைவு குறைந்த குழந்தைக்கும் துடிப்பு இருக்கும், ‘சத்தம் கேக்குதே, காலையில பார்த்துக்கலாம்’ என்று இருந்துவிடுவார்கள். அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பே 2014-இல் இதை வீட்டில் பயன்படுத்தவேண்டாம் என்று எச்சரித்தது.

அந்த வேலையைக் காசில்லாமல் செய்வது அசைவு கவனிப்பு. 28 வாரத்துக்கு மேல் தினமும் குழந்தை எப்போது எப்படி அசைகிறது என்பது உங்களுக்கே பழகிவிடும். குறைந்த மாதிரி தோன்றினால் டிவியை அணைத்துவிட்டு இடது பக்கமாகப் படுத்து இரண்டு மணி நேரம் அதை மட்டும் கவனியுங்கள். உதை, உருளல், திரும்பல் எல்லாம் கணக்கு, விக்கல் கணக்கில்லை. பத்து வரவில்லையென்றால் அப்போதே கிளம்புங்கள், ராத்திரி ரெண்டு மணியானாலும் சரி. ‘மாசம் நெருங்கினா அசைவு குறையும்’ என்று பெரியவர்கள் சொல்வது தப்பு. இடம் குறைவதால் அசைவின் ரகம் மாறலாம், எண்ணிக்கை குறையக்கூடாது.

குழந்தையின் எடையை ஏற்றிவிடுவதாக விற்கும் சமாச்சாரங்களில் புரோட்டீன் பவுடருக்கு முதலிடம். உலக சுகாதார அமைப்பு 2016-இல் வெளியிட்ட கர்ப்பகாலப் பரிந்துரையில் அதிக புரோட்டீன் சப்ளிமென்ட் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. தாய் சரியாகச் சாப்பிடாமல் மெலிந்திருந்தால் மட்டும் சோறு, பருப்பு, முட்டை, பால், கடலை என்று எல்லாம் கலந்த சாப்பாட்டைக் கூட்டினால் பலன் உண்டு. நஞ்சுக்கொடியில் கோளாறு என்றால் எத்தனை கிண்ணம் சாப்பிட்டாலும் அந்தக் குழாய் வழியாகத்தான் போகவேண்டும். சில்டெனாஃபில் மாத்திரையை ஒரு காலத்தில் பெரிதாக நம்பினார்கள். நெதர்லாந்தில் அதைச் சோதித்த ஆய்வு, பிறந்த குழந்தைகளுக்கு நுரையீரல் பாதிப்பும் இறப்பும் வந்ததால் 2018-இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. யாராவது எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். ஆஸ்பிரின் 16 வாரத்துக்கு முன்பு தொடங்கினால்தான் நல்ல உபயோகம், ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தவும் வேண்டாம். ரத்த அழுத்தம் பார்ப்பது, ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை விடாமல் போடுவது, வீட்டில் யாரும் பக்கத்தில் புகை பிடிக்காமல் பார்த்துக்கொள்வது. விளம்பரமில்லாத இந்த மூன்றும் பவுடரைவிட மேல்.

டாப்ளரும் நீரும் சரியாக இருந்து, பர்சன்டைல் 3-க்கும் 10-க்கும் நடுவில் என்றால் பிரசவத்துக்குப் பெரும்பாலும் 38, 39 வாரம் வரை காத்திருப்பார்கள். 3-க்குக் கீழே என்றால் 37 வாரத்தை ஒட்டி. 34 வாரத்துக்கு முன்பே எடுக்கவேண்டி வந்தால் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், அப்போது பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ளேயே இருக்கும் ஆஸ்பத்திரிதான் வேண்டும். சில்க் போர்டு நெரிசலில் ஆம்புலன்சில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கவேண்டாம்.

சென்டருக்குப் போன் போடும்போது நான்கு கேள்வி போதும். ஸ்கேன் பார்ப்பது டாக்டரா? டாப்ளரில் மூளைத் தமனியும் உண்டா? பர்சன்டைலும் அட்டவணையின் பெயரும் ரிப்போர்ட்டில் வருமா? பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து வாரக்கணக்கு போடுவீர்களா? கடைசிக் கேள்விக்கு ‘அதெல்லாம் தேவையில்லை, மெஷினே சொல்லும்’ என்று பதில் வந்தால் அடுத்த சென்டருக்குப் போன் போடுங்கள்.